பழனியாண்டி முதலாளியின் கிளச்

“முதலாளி, கிளச்சில ஒரு பிழையுமில்ல. பெடல்ல இந்தப் பின்னுதான் தேஞ்சி ஈக்கிது. அத மாத்தினாப் போதும்.”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கராஜ் வைத்திருக்கும் ஜமால்தீன், ஈர்க்குத் துண்டு போன்ற பின்னை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

பாத்திரக்கடை பழனியாண்டிக்கு அது அவமானமாகப் பட்டது. அவருடையது ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் கார். கண்டி முழுவதற்கும் அது ஒன்றுதான். போன வருடப் பழைய கார்ப் போட்டியில், ஹந்தானை மேட்டில் அது பின்னோக்கி உருண்டபோது எழுந்த சிரிப்பு பேராதனை வரைக்கும் கேட்டது. பழமை கெடாத காரில் மேடேறுபவருக்குத்தான் கோப்பை. இந்த முறை அது வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும்.

“பின்னாவது கின்னாவது. புது மொடல் கிளச்சப் போடுங்க ஜமால்தீன் நானா. உள்ளுக்குள்ள இருக்கிறத எவன் பாக்கப் போறான்?”

“சரி. கழட்டுற சாமான?”

“எனக்கெதுக்கு? நீங்களே எடுத்துக்கங்க.”

புதுக் கிளச்சுக்குப் பழைய கியர் பொக்ஸ் பொருந்தவில்லை. அதை மாற்றினால் எஞ்சின் ஒத்துவரவில்லை. புது எஞ்சின் வந்ததும் பொனட் மூட மறுத்தது. பொனட் மாறியதும் கதவுகள் முறைத்துக்கொண்டன. எருமை முட்டிக் குழிவிழுந்த இடது கதவைக் கழற்றும்போது மட்டும் முதலாளி கொஞ்சம் கண்கலங்கினார். ஆறே மாதத்தில் அடிச்சட்டமும் போனது. எல்லாவற்றின் மேலும் அதே பழைய பச்சைப் பெயின்டை அடித்துக்கொண்டார்.

“பழசுன்னு ஏதாச்சும் மிச்சமிருக்கா?” என்றாள் மனைவி ராக்கம்மா.

“நம்பர் பிளேட்டும் நாம ரெண்டு பேரும்.”

போட்டியன்று கார் ஹந்தானை மேட்டில் ஏறவில்லை, பறந்தது. தேயிலைச் செடிகள் விலகி வழிவிட்டதாகப் பார்த்தவர்கள் சத்தியமே செய்வார்கள்.

உச்சியில் நடுவர் பொனட்டைத் திறந்தார். உள்ளே பளபளத்ததைப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு, முக்கி முனகிப் பின்னால் வந்து சேர்ந்த இன்னொரு காரிடம் போனார்.

அதுவும் ஐம்பத்திரண்டாம் ஆண்டுதான். எஞ்சின் முதல் கிளச் வரை எல்லாம் அசல் என்று நடுவர் வியந்துகொண்டிருந்தார். நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெறும் தகரம்.

கண்டியில் இன்னொன்றா? பழனியாண்டி ஓடிப்போய்ப் பார்த்தார். இடது கதவில் எருமை முட்டிய குழி.

ஓட்டிவந்த ஜமால்தீன் கூச்சத்தோடு இறங்கினார்.

“எல்லாம் நீங்க எடுத்துக்கச் சொன்னதுதான் முதலாளி. பின்னு மட்டும் புதுசு.”