கொதித்த தண்ணீர்

மழை விட்ட மத்தியானம். ஆரணித் தெருக்களில் வாந்திபேதி. வெள்ளைக்காரத் துரைசானியின் பள்ளியில் வீட்டுப் பராமரிப்புப் படிக்கும் அன்னபாக்கியம், ஈர விறகை ஊதிக் கண் சிவந்திருக்கிறாள். அம்மாவை நேற்றுதான் புதைத்தார்கள். பாயில் கிடக்கும் தங்கை, வெடித்த உதடுகளால் தண்ணீர் கேட்கிறாள்.

“அப்படியே குடுத்துடும்மா. கொழந்த கேட்டுகினே கீது,” என்கிறார் அப்பா சவரிராயன்.

“கொதிக்க வெச்சுத்தான் குடுக்கணும்னு துரைசானியம்மா சொன்னாங்கப்பா. அம்மாவுக்குப் பச்சத்தண்ணிதான குடுத்தோம்.”

தறியில் பாதி நெய்த பட்டு, கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் மின்னுகிறது. சவரிராயன் தறிக்குழியில் இறங்கி, மிதிகட்டையைப் பிடுங்கி வந்து அடுப்பில் செருகுகிறார். காய்ந்த மரம் சடசடவென்று எரிய, தண்ணீர் கொதிக்கிறது. அன்னபாக்கியம் அதைச் சொம்பில் ஊற்றி, ஆறுவதற்காக வேகவேகமாய் விசிறுகிறாள். சவரிராயன் சின்னவளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறார்.

“போதும்மா,” என்கிறார். “விசிற வேணாம்.”