அதே ஸ்பீடில்

ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஹாமித் பனித்தளத்தில் கால் வைத்தபோது, இதற்காகத்தான் இவர் இத்தனை நாள் காத்திருந்தாரா என்று ஷ்ரேயஸுக்குத் தோன்றியது.

பயிற்சி முடிந்து மற்ற ஆட்டக்காரர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். அவனை மட்டும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். கோச்கூட இல்லை.

அணியின் மேனேஜரை ஸ்கேட்டோடு அந்தத் தளத்தில் யாரும் பார்த்ததில்லை. எப்போதும் கோட்டும் டையுமாகக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர்.

ஒரு காலத்தில் அந்த லீகிலேயே வேகமான கால் ஹாமிதுடையது. மகன் ஆடியே தீர வேண்டும் என்று நின்றவர் அவருடைய வாப்பா. சன்னிவேலில் வளர்ந்த தமிழ்ப் பையன் ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்குகிறான் என்பதே பலருக்கு அதிசயம்.

நியூஜெர்சியிலிருந்து வந்த ஷ்ரேயஸ் இரண்டாவது அதிசயம். இருவரும் எதிரெதிர் அணியில் நின்ற முதல் ஆட்டத்தில், ஹாமித் அவன் பக்கமாகச் சறுக்கி வந்து, "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது.

கோலுக்குப் பின்னால் 'பக்' என்கிற ரப்பர் வட்டை எடுத்துக்கொண்டு திரும்பிய ஹாமிதை ஷ்ரேயஸ் பாய்ந்து வந்து தோளால் இடித்தான். விதிக்கு உட்பட்ட இடிதான். நடுவர் விசில்கூட ஊதவில்லை. ஹாமிதின் தலை சுற்றுச்சுவரில் மோதியது. ஸ்ட்ரெச்சரில் போனவர் மறுபடி ஆட வரவே இல்லை.

அதன் பிறகு ஹாமித், அணிகளுக்காகப் புதிய ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். உதவி மேனேஜரானார். இப்போது டெக்ஸஸில் இந்த அணியே அவர் கையில். வந்ததும் செய்த முதல் வேலை, ஆட வாய்ப்பில்லாமல் எங்கோ பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷ்ரேயஸைத் தன் அணிக்கு எடுத்தது.

எதற்கு?

சீசன் முழுக்க அந்தக் கேள்வி அவனை அரித்தது. ஹாமித் அவனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். முட்டி வீங்கியபோது நல்ல டாக்டரிடம் அனுப்பினார். ஆனால் ஒருநாள்கூட அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. லிஃப்டுக்குள் அவன் நின்றால் இவர் படியேறிப் போனார். அவர் செய்த ஒவ்வொரு நல்லதையும், முள் எங்கே இருக்கிறது என்று ஷ்ரேயஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பழி வாங்கணும்னா உன்னை எடுக்காமலே விட்டிருப்பாரே," என்றாள் மனைவி மானஸா.

அவளுக்குத் தெரியாது. கைக்குள் இருந்தால்தானே நசுக்க முடியும்?

நசுக்குவதற்குக் காரணமும் தயாராகவே இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு ஷ்ரேயஸால் யாரையும் இடிக்க முடியவில்லை. பாய்ந்து போவான், ஆளைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கால் தானாகவே பிரேக் போட்டுவிடும். இடிக்கப் பயப்படுகிற தடுப்பாட்டக்காரனை எந்த அணி வைத்துக்கொள்ளும்? அவனை அனுப்பிவிடும்படி கோச் சொல்லிவிட்டதாகப் பேச்சு.

பனித்தளத்தில் இறங்கிய ஹாமித் கோலுக்குப் பின்னால் போய், சுற்றுச்சுவரை ஒட்டி நின்றார்.

"வா. அன்னிக்கு வந்த அதே ஸ்பீடுல வந்து என்னை ஹிட் பண்ணு."

அணியில் அவர் யாரிடமும் தமிழ் பேசியதில்லை. இப்போது மட்டும் எதற்கு? வேறு யாருக்கும் புரிந்துவிடக் கூடாது என்றா?

ஷ்ரேயஸின் கண் கூரையில் கேமராவைத் தேடியது. மேனேஜரை இடித்துத் தள்ளினான் என்று ஒரு வீடியோ போதும். இங்கே மட்டுமில்லை, எங்கேயும் ஆட முடியாது.

"நோ. ஐ கான்ட்," என்றான்.

"பிரேக் மட்டும் போடாத. வா."

ஷ்ரேயஸ் கிளம்பினான், பாதியிலேயே நின்றான். மறுபடி கிளம்பினான், மறுபடி நின்றான். ஹாமித் திட்டவில்லை, அசையவுமில்லை. ஹெல்மெட் இல்லாத வெறுந்தலையோடு அதே இடத்தில் நின்றார்.

அந்தப் பொறுமைதான் அவனுக்கு வெறியேற்றியது. இதுதானே வேண்டும்? வாங்கிக்கொள்.

தளத்தின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பினான். பனி கிறீச்சிட்டது. ஹாமிதின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இத்தனை மாதத்தில் முதன்முறையாக அவர் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் போடக் கால் துடித்தது. விடவில்லை. தோளை இறக்கினான்.

கடைசிக் கணத்தில் ஹாமித் ஒரு காலை லேசாகத் திருப்பி விலகினார்.

அவ்வளவுதான்.

ஷ்ரேயஸ் வெறும் சுவரில் மோதி, மல்லாக்க விழுந்தான். கண்ணாடித் தடுப்பு தடதடவென்று அதிர்ந்து அடங்கியது.

மூச்சு திரும்பியபோது ஹாமித் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். இத்தனை வருஷம் பனியைத் தொடாத கால்கள். நாற்பதை நெருங்கும் உடம்பு. அதற்கே இது முடிகிறது.

அப்படியென்றால் அன்றைக்கு?

அவன் பார்வையில் கேள்வி வந்து நின்றதை ஹாமித் கண்டுகொண்டார். உடனே அவர் கண் விலகிப் பனியில் போய் விழுந்தது.

"அன்னிக்கும் நீ வர்றதைப் பார்த்தேன்," என்றார். "இனிமே ஆட இஷ்டமில்லன்னு வாப்பாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல, ஷ்ரேயஸ். அதான் நகரல."