ஜன்னலோர ஒழுகல்

படகைக் கரையேற்றி நாற்பது நாளாகிறது, மழையும் இல்லை. ஆனாலும் கேபினில் தம்பியின் படுக்கை தினமும் காலையில் நனைந்து கிடந்தது. படகு கவிழ்ந்த அன்று அவன் அந்தக் கேபினுக்குள்தான் மாட்டிக்கொண்டு செத்துப்போனான்.

தண்ணீர் வரும் வழியைப் பார்த்துவிட்டு அடைப்பதுதான் முறை. எனக்குப் பொறுமையில்லை. முதலில் ஜன்னல் விளிம்பை மக்குப் பசை வைத்து இறுக அடைத்தேன். அப்புறம்தான் சுவரெங்கும் சாக்பீஸ் பொடியைத் தடவினேன்.

காலையில் அம்மாவும் வந்தாள். பொடியில் ஈரத்தடம் தெளிவாக இருந்தது. அது மேலிருந்து இறங்கவில்லை. தலையணையில் தொடங்கிச் சுவரில் ஏறி, ஜன்னலை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து, மறுபடி தலையணைக்கே திரும்பியிருந்தது.

அம்மா மக்கைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்குத்தான் இந்த ஜன்னல் திறக்கல," என்றாள். "இன்னிக்கு நீயே அடைச்சிட்டியேடா."