வாத்தியாரின் ஜீரோ

ஞாயிறு காலை, வீட்டுக் கடல்மீன் தொட்டித் தண்ணீருக்குச் சோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துத் தருவது மனைவி, மருந்து விட்டு நிறம் பார்ப்பது கணக்கு வாத்தியார்.

"பாத்தீங்களா, நைட்ரேட் ஜீரோ! நாலு மாசமா ஜீரோ!"

வீட்டுக்கு வந்திருந்த கடல்தொட்டிக் கடைக்காரர் கையில் அபூர்வமான, உயிருள்ள ஊதாப் பவளம் இருந்தது. தண்ணீர் சரியாக இருந்தால்தான் கொடுப்பேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

"முன்னாடி அஞ்சு வந்துச்சு. விடுவேனா? மீன் தீனியைப் பாதியாக்கினேன். பவளமெல்லாம் வெளுத்துப்போச்சு. அப்புறம் புது ஃபில்டர் மாட்டினேன், ஜீரோதான். தீனியும் பழையபடி போடுறேன். இப்ப பவளத்தோட நிறத்தைப் பாருங்க!"

கடைக்காரர் பார்த்தார். பிறகு தானே தொட்டியில் தண்ணீர் மொண்டு மருந்து விட்டார். தண்ணீர் இளஞ்சிவப்பானது.

"அஞ்சு இருக்கு சார்."

"உங்க மருந்து பழசு!"

"அஞ்சு இருக்கறதுதான் சார் நல்லது. மீன் கழிவுல வர்ற நைட்ரேட்தான் பவளத்துக்குச் சாப்பாடு. ஜீரோன்னா பட்டினி." ஊதாப் பவளத்தைத் தொட்டிக்குள் இறக்கினார். "இனிமே இது உங்களுது."

ஆசைப்பட்டது கிடைத்தும் வாத்தியாருக்கு முகம் தொங்கிவிட்டது.

"அப்ப என் ஜீரோ?"

வாத்தியார் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தண்ணி எங்கே பிடிச்சே?"

"சமையல்கட்டுல. நாம குடிக்கிற தண்ணி."

"நாலு மாசமாவா?"

"அஞ்சைப் பார்த்தா தீனியில கை வைப்பீங்களே! உங்களுக்கு மனசு நிறையணும், அதுங்களுக்கு வயிறு நிறையணும். நான் வேற என்ன பண்றது?"