லூர்துசாமி எங்கே?

சப்-இன்ஸ்பெக்டர் தங்கவேல் கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் சொன்னார். பொய் சொல்கிறவன் இப்படித்தான் அவசரப்படுவான் என்று ஹபீபுர் ரஹ்மான் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

லஸ்ஸில் ஒரு பங்களாவின் கூடத்தில் கமிட்டி கூடியிருந்தது. போலீஸ் லாக்கப்பில் நடக்கும் அடி உதைகளை விசாரிக்கச் சட்டசபை நியமித்த மூன்று மெம்பர்களில் ஹபீபுர் ரஹ்மானும் ஒருவர். தொழிலால் வக்கீல், ஆகவே யாரையும் லேசில் நம்பமாட்டார். போலீஸை நம்பவே மாட்டார்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது லூர்துசாமி என்கிற மீனவரின் விஷயம். யாரோ பணக்காரர் வீட்டில் வளையல் திருட்டுப்போனதென்று அவரைப் பிடித்து லாக்கப்பில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவரைப் பார்த்ததாகக் குப்பத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

தங்கவேல் தான் அவரைத் தொடக்கூட இல்லை என்று சாதித்தார். விசாரித்துவிட்டு மறுநாள் மத்தியானமே விட்டுவிட்டாராம், அதுவும் பின்வாசல் வழியாக. ஏன் பின்வாசல் என்று கேட்டதற்கு, முன்வாசலில் அவன் பெண்டாட்டி கூச்சல் போட்டுக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தாள் என்று பதில் வந்தது. மெம்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவர் அங்கமுத்து. அதே லாக்கப்பில் பக்கத்து அறையில் கிடந்தவர். தங்கவேலின் லத்தி உடைத்த இரண்டு விரல்களை மடக்க முடியாமல் நீட்டிக் காட்டினார். லூர்துசாமி அலறியது காதில் விழுந்ததாம்; அப்புறம் திடீரென்று சத்தமே இல்லையாம்.

கடைசியாக லூர்துசாமியின் மனைவி தேசம்மா. மீன் விற்றுப் பிழைப்பவள். அழவில்லை, ஆத்திரப்படவில்லை. பைபிள் மேல் வைத்த கையை எடுக்காமலே சொன்னாள்.

"உள்ள இட்டுனு போனத என் கண்ணால பாத்தேன், ஐயா. வெளிய வந்தத நான் பாக்கல."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. பாவம், மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் ஹபீபுர் ரஹ்மான்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். லூர்துசாமியை அடைத்த அறைக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பெரிய துரை பார்வையிட வருகிறார், அதற்காகத்தான் என்றார் ஒரு கான்ஸ்டபிள். அப்படியானால் மற்ற அறைகளுக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்டதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகக் குப்பத்துக்கு நடந்தார். தேசம்மா குடிசை வாசலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். தாலியைக் கழற்றாமல் இருந்ததைப் பார்த்து அவருக்கு மனசு கனத்தது. மாதா கோயிலில் புருஷனுக்காகப் பூசை வைத்தாயா என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல ஐயா," என்றாள். "சாமியார் கேட்டாரு. நான்தான் வாணாம்னுட்டேன்."

இறந்தவனுக்குப் பூசை வைக்கக்கூட இவளுக்குத் தைரியம் இல்லையே, அந்த அளவுக்கு அந்தத் தங்கவேல் இந்தக் குப்பத்தை ஆட்டி வைக்கிறானே என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. தியாகராய நகர் வீட்டுக்குத் திரும்பியும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பை எங்கே புதைத்தார்கள், கடலில் போட்டார்களா என்று மனைவி அஃப்சருன்னிசாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?

மற்ற இரண்டு மெம்பர்களும் தயங்கினார்கள். உடம்பு கிடைக்காமல் கொலை என்று எப்படி எழுதுவது, 'காணாமல் போனார்' என்று எழுதிவிடலாமே என்றார்கள். ஹபீபுர் ரஹ்மான் விடவில்லை. இரண்டு வாரம் வாதாடி அவர்களைத் தம் வழிக்குக் கொண்டுவந்தார். சட்டசபையில் அறிக்கை வந்த அன்று எழுந்து நின்று, லூர்துசாமியை லாக்கப்பில் அடித்தே கொன்றிருக்கிறார்கள், இதில் ஓர் எழுத்து தப்பென்றாலும் மெம்பர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று பேசினார். சபையில் மேஜையைத் தட்டிய சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சர்க்காரால் அதற்கு மேல் தட்டிக்கழிக்க முடியவில்லை. தங்கவேலின் வேலை போயிற்று. கொலைக் கேஸ் பதிவாகி அவரையே லாக்கப்பில் வைத்தார்கள்.

இந்தச் சேதியை வேறு யார் வாயாலும் தேசம்மா கேட்கக்கூடாது என்று ஹபீபுர் ரஹ்மானே காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மணலில் காலணி புதையப் புதைய நடந்து போனார். அவள் அப்போதுதான் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"தேசம்மா, நீ இனி யாருக்கும் பயப்பட வேண்டாம். தங்கவேலை உள்ளே வைத்துவிட்டார்கள்."

அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"மறுபடி ஸ்டேஷனுக்கு வருவானா, ஐயா?"

"வரமாட்டான். போலீஸ் உத்தியோகமே போய்விட்டது."

"குப்பத்துப் பக்கம்?"

"தலைகூடக் காட்ட முடியாது. தூக்கு விழுந்தாலும் விழும்."

அவள் கண் கலங்கியது. கமிட்டி முன்னால் வராத அழுகை இப்போது வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்போ எங்க வூட்டுக்காரர வெளிய வரச் சொல்லிடட்டா, ஐயா?"