காக்காக் கடி

பள்ளிக்கூடச் சட்டையின் கீழ் ஓரத்தை மறுபடியும் முகர்ந்தாள்.

கடலைமிட்டாய்தான்.

துவைக்க எடுத்த துணிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மகள் சுபிக்ஷா தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். புரட்டிப்போட்டு உதட்டைப் பார்த்தாள். வீங்கவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். விசில் சத்தம் இல்லை. கவுனைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றில் மட்டும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலை ஆகாத பிள்ளையைப் பெற்றவள் அவள். தெருவில் இறங்கினால் கடலைமிட்டாய்ப் பாகு வாசம். விருந்தாளி கொண்டுவருவதும் அதுதான், போகும்போது கொடுத்து அனுப்புவதும் அதுதான்.

கைக்குழந்தையில் கன்னமெல்லாம் கரப்பான் புண். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அது அடங்கிய நேரத்தில், யாரோ ஆசையாய் ஊட்டிய ஒரு துண்டு மிட்டாயில் முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பள்ளியில் சேர்த்த வருஷம் மூச்சிளைப்பு வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தம், ஒன்று வந்த வீட்டுக்கு மற்றதும் வரப் பார்க்கும் என்றார் டாக்டர்.

நல்ல சொந்தம்.

“தின்னியாட்டி? நெசத்தச் சொல்லு.”

“இல்லம்மா. காக்காக் கடி கடிக்கச் சட்டையத்தான் குடுத்தேன்.”

மிட்டாயைச் சட்டை ஓரத்தில் பொதிந்து, துணியோடு சேர்த்துக் கடித்து உடைத்துப் பங்கு வைப்பது. எச்சில் படாது.

எச்சில்தான் படாது. கடலை துணியில் இறங்கும், துணியிலிருந்து தோலுக்கு வரும். பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? அவளும் அந்த வயதில் அப்படிக் கடித்துத் தின்றவள்தான்.

“ஏன், அவளுவளுக்குச் சட்டை இல்லையாக்கும்?”

பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது.

“எனக்குத்தான் பங்கு கெடையாதே. சட்டையுங் குடுக்கலன்னா, அவளுவ திங்கும்போது நான் சும்மால்லா நிக்கணும்.”

தின்னாதே, தொடாதே, கிட்டப் போகாதே. விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்லியிருக்கிறாள்?

வயிற்றைக் கழுவித் துடைத்தாள். டாக்டர் சொல்லியிருந்த சிரப்பைக் கொடுத்தாள். மறுபடியும் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

பிறகு பீரோவைத் திறந்து புருஷனின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்தாள். பொங்கலுக்கு வாங்கியது. வந்து கத்துவார். கத்தட்டும்.

“இனிமே சட்டையக் குடுக்கக் கூடாது. அவளுவ கடிச்ச துணியத் தொடவுங் கூடாது.”

பிள்ளையின் முகம் தொங்கிப்போனது.

அவள் வேட்டியைக் கைக்குட்டை அளவுக்கு மடித்து, கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள்.

“ஒங்கூட்டத்துல மொத்தம் எத்தன பேருட்டி?”