மறுபடி சார்

"உங்களோட மல்லுக்கட்டி எனக்குத் தலைவலிதான் சார் மிச்சம்" என்றாள் மருந்தியல் துறைத்தலைவி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மருந்தளவுக் கணக்கு எடுக்கும் ஆசிரியர். கணக்கில் சின்னப் பிசகு இருந்தாலும் "மறுபடி போடு" என்று திருப்பி அனுப்புவதால், பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'மறுபடி சார்'.

துறை ஆசிரியர்களின் வேலையை எடைபோட்டு அவள் மேலிடத்துக்கு அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

"பாதி வகுப்பை ஃபெயில் போட்டிருக்கீங்க. ஏன்?"

"தசமப் புள்ளியை இடம் மாத்தி வெச்சுட்டாங்க மேடம்."

"ஒரு புள்ளிக்கா?"

"குழந்தைக்குக் குடுக்கிற மருந்தோட கணக்கு. புள்ளி நகர்ந்தா பத்து மடங்கு உள்ளே போயிடும்."

"போட்ட முறை சரிதானே? பாதி மார்க்காவது குடுத்திருக்கலாமே."

"பாதிக் குழந்தைக்கா மேடம் மருந்து குடுப்பாங்க?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பக்கத்து ரூம் சாரும் இதே பாடத்தைத்தான் இன்னொரு வகுப்புக்கு எடுக்கிறார். அத்தனை பேரும் பாஸ். பிள்ளைங்க அவரைத் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. உங்களைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க தெரியுமா?"

"எழுதட்டும் மேடம்."

"கொஞ்சம் வளைஞ்சு குடுங்க சார். இல்லேன்னா இந்த வருஷமும் புரமோஷன் கிடைக்காது."



"பரவாயில்லை மேடம்" என்று எழுந்து போனார்.

சொன்னால் கேட்கிற ஜென்மமா இது? முணுமுணுத்தபடியே அவர் பெயருக்கு நேரே 'திருப்தி இல்லை' என்று தட்டி, கம்ப்யூட்டரில் அனுப்பியும் விட்டாள்.

செல்போன் அடித்தது. மகள்.

"அம்மா, பாப்பாவுக்கு ஜுரம் இறங்கவே இல்லை. டாக்டர் மருந்து எழுதிட்டார். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில நிக்கிறேன். தண்ணியில கலக்கி, அளந்து தருவாங்களாம்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "கவுன்ட்டர்ல யார் இருக்கா?"

"ரெண்டு பொண்ணுங்க. உங்க காலேஜ்ல படிச்சவங்களாம்."

"ரெண்டு பேர்ல யாரு மறுபடி சார் வகுப்புன்னு கேளு. அந்தப் பொண்ணு கையால மட்டும் வாங்கு. இல்லேன்னா நான் வர்ற வரைக்கும் பாப்பாவுக்கு எதுவும் குடுக்காதே."

"யாரும்மா, நீ வீட்டுக்கு வந்ததும் வராததுமா கரிச்சுக் கொட்டுவியே, அவரா?"

"அவரேதான்" என்றாள் துறைத்தலைவி.